பேத்தை மீனும் மனித மரபணுவும்

பேத்தை மீனின் டிஎன்ஏ மனித டிஎன்ஏவின் நீளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அச்சுறுத்தினால் உடலைப் பந்துபோல ஊதிக்கொள்ளும், உள்ளுறுப்புகளில் கொடிய நஞ்சைச் சுமக்கும் இந்த மீனைச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடமொன்று ஆண்டுக்கணக்கில் துருவித் துருவி ஆராய்ந்ததற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான். மலாய்க்காரர்கள் இதை ஈக்கான் புந்தால் என்பார்கள். பொங்கோல் முனையில் நின்று ஜொகூர் நீரிணையில் தூண்டில் போடுபவர்களுக்கும் இதன் இனம் பழக்கமானதே. மாட்டினால் முள்ளைக் கழற்றித் திரும்பக் கடலில் எறிய வேண்டிய மீன். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது இதன் ஜப்பானிய உறவான ஃபுகு. அந்த மீன் ஏன் தேவைப்பட்டது என்று விளங்கிக்கொள்ள, மரபணு என்ன செய்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்து வர வேண்டும்.

டிஎன்ஏ என்பது உயிரணுவுக்குள் சுருண்டு கிடக்கும் மிக நீண்ட இழை. அதில் நான்கு வகை வேதிப்பொருள்கள் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் அவற்றைக் குறிப்பது வழக்கம். இழை தனியாக இருப்பதில்லை. எப்போதும் இரட்டையாகவே இருக்கும். ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்பது மாறாத விதி. ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கத்தை எழுதிவிடலாம். உயிரணு பிரியும்போது டிஎன்ஏ படியெடுக்கப்படுவதும் இந்த விதியால்தான். 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் இந்த இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ்கதிர்ப் படங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

மனிதனின் ஒரு தொகுதி டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. இந்த நெடிய வரிசையில் ஆங்காங்கே, ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதியே மரபணு. மனிதனுக்கு இவ்வகை மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உணவைச் செரிப்பது, இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது, நரம்பில் மின்துடிப்பைக் கடத்துவது எல்லாம் புரதங்களின் வேலை. ஆகவே மரபணுவில் ஓர் எழுத்து பிசகினால் புரதம் பிசகலாம், புரதம் பிசகினால் உடலின் ஒரு வேலை கெடலாம்.

பொங்கோல் போல இளம் குடும்பங்கள் நிறைந்த பேட்டைகளில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965ஆம் ஆண்டிலிருந்தே ஜி6பிடி குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதி. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட இன்னொரு பிரதி கிடையாது. குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதன் காரணம் அதுவே. இந்தக் குழந்தைகள் சாதாரணமாக வளர்வார்கள். ஆனால் துணி அலமாரியில் போடும் அந்துருண்டையின் நெடியோ சில மருந்துகளோ பட்டால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடலாம். வீட்டில் அந்துருண்டை வைக்காதீர்கள் என்று தாதி சொல்லி அனுப்பும் ஒரு வரிக்குப் பின்னால் மூலக்கூறு மரபியலின் அடிப்படை முழுதும் இருக்கிறது.

டிஎன்ஏ உயிரணுவின் கருவுக்குள் இருக்கிறது. புரதமோ கருவுக்கு வெளியே, ரைபோசோம் என்ற துகள்களில் உருவாகிறது. செய்தியை உள்ளிருந்து வெளியே கொண்டுவருவது எது என்பது 1950களின் பெரிய புதிர். அதை அவிழ்த்தவர்களில் ஒருவரான சிட்னி பிரென்னர்தான் பின்னாளில் சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வுக்கு வழிகாட்டியானவர். தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஊரில் 1927இல் பிறந்தவர். தந்தை எழுதப் படிக்கத் தெரியாத செருப்புத் தொழிலாளி. 1960ஆம் ஆண்டு கோடையில் பிரென்னரும் பிரான்சின் பிரான்சுவா ஜாக்கோபும் கலிபோர்னியாவில் மேத்யூ மெசல்சனின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாக்டீரியாவை ஒரு நச்சுயிரி தாக்கும்போது, நச்சுயிரி தன் புரதங்களுக்குப் புது ரைபோசோம்களைச் செய்துகொள்கிறதா, அல்லது பாக்டீரியாவிடம் ஏற்கெனவே இருப்பவற்றையே பயன்படுத்துகிறதா என்று பார்ப்பது திட்டம். சோதனைக் குழாயில் ரைபோசோம்கள் சிதைந்து சிதைந்து போயின. மக்னீசியம் போதவில்லை என்பது பிரென்னருக்குக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது பொறி தட்டியதாம். அதைக் கூட்டியதும் விடை கிடைத்தது. ரைபோசோம்கள் பழையவை, அவற்றின் மேல் வந்து ஒட்டிக்கொண்டிருந்த குறுகிய ஆயுள் கொண்ட ஆர்என்ஏ மட்டும் புதியது. டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்பட்டு வெளியே வந்து, ரைபோசோமில் வாசிக்கப்பட்டு, பிறகு அழிந்துபோகும் இந்தப் பிரதிக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். கொவிட் காலத்தில் உலகம் முழுதும் பேசப்பட்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசி இந்தத் தூதைத்தான் நேரே உடலுக்குள் அனுப்பியது.

அடுத்த ஆண்டான 1961இல் கிரிக், பிரென்னர் குழுவினர் இன்னொரு கேள்விக்கும் விடை கண்டார்கள். புரதம் 20 வகை அமினோ அமிலங்களின் சங்கிலி. நான்கே எழுத்துகளால் இருபதை எப்படிக் குறிப்பது? மூன்று மூன்று எழுத்தாக வாசித்தால் 64 சொற்கள் கிடைக்கும்; அது போதும். இது வெறும் ஊகமாகவே இருந்தது. எழுத்துகளை நேரடியாகப் படிக்கக் கருவி எதுவும் இல்லாத காலம் அது. ஆகவே அவர்கள் ஒரு நச்சுயிரியின் மரபணுவில், ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சாயத்தைக் கொண்டு வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கினார்கள். ‘கடல் நடுவே பெரிய படகு’ என்பதில் எல்லாச் சொல்லும் மூன்றெழுத்து. அதில் ‘ட’வை எடுத்துவிட்டு, இடைவெளியைப் பழையபடி மூன்று மூன்றாகவே விட்டால் ‘கல்ந டுவேபெ ரியப டகு’ என்று கடைசிவரை உளறலாகும். இரண்டு எழுத்தை எடுத்தாலும் உளறலே. மூன்றாவதாக ஓர் எழுத்தையும் எடுத்தால், எடுத்த இடம் வரைதான் குழப்பம். ‘கல்ந வேரிய படகு’ என்று கடைசிச் சொல் திரும்ப வந்துவிடும். நச்சுயிரியிலும் அதுவே நடந்தது. ஒரு பிழை, இரண்டு பிழை இருந்தபோது வேலை செய்யாத மரபணு, மூன்று பிழைகள் சேர்ந்ததும் மீண்டும் உயிர்பெற்றது. ஓர் எழுத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல், மொழியின் சொற்கள் மூன்றெழுத்து என்று நிறுவிய இந்தச் சோதனைக்கு அழகில் ஈடானது உயிரியலில் அதிகம் இல்லை. எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற அகராதியை நிரன்பர்க், ஹர் கோபிந்த் கொரானா உள்ளிட்டோர் 1966க்குள் முடித்தார்கள். கொரானா பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாப் கிராமமொன்றில் பிறந்தவர். 1968இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது அதன் பிறகும் மரபியலின் முதன்மை வழியாகவே இருந்தது. பிரென்னர் அடுத்து எடுத்தது சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். வளர்ந்த புழுவில் 959 உயிரணுக்கள், அவற்றில் 302 நரம்பணுக்கள். வேதிப்பொருளால் அதன் மரபணுக்களைக் கண்மூடித்தனமாகச் சேதப்படுத்தி, குட்டையாகப் பிறந்தவை, நெளியத் தெரியாமல் தள்ளாடுபவை என்று பிரித்தெடுத்து, அந்தக் கோளாறு எந்த மரபணுவில் என்று தேடிப்போனார். உயிரணுக்கள் தாமாகவே சாகும்படி கட்டளையிடும் மரபணுக்கள் உண்டு என்பது இந்தப் புழுவில்தான் வெளிப்பட்டது. புற்றுநோயில் அந்தச் சாவு நடக்காமல் போகிறது என்பதால் மருத்துவத்துக்கு அது பெரிய திறப்பு. இந்தப் புழுவை ஆராய்ந்த பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002இல் நோபெல் கிடைத்தது.

எழுத்துகளை நேராகப் படிக்கும் வழி 1977இல் பிரெட் சாங்கரால் வந்தது. டிஎன்ஏவைக் குழாயில் படியெடுக்கச் சொல்லி, நடுவே சங்கிலியை நிறுத்திவிடும் ‘போலி’ எழுத்துகளையும் சிறிது கலந்துவிட்டால், வெவ்வேறு நீளத்தில் அறுந்த துண்டுகள் கிடைக்கும். அவற்றை நீள வரிசையில் அடுக்கினால், எது எந்த எழுத்தில் நின்றது என்று வரிசை தானாகப் புலப்படும். 1983இல் கேரி மல்லிஸ் உருவாக்கிய பிசிஆர், ஒரு துளி டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பெருக்கித் தந்தது. மனித மரபணுத்தொகுதியை முழுதாகப் படிக்கும் உலகத் திட்டம் 1990இல் தொடங்கியது.

அங்கேதான் சிக்கல். மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான எழுத்துகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைதான். மரபணுவேகூடத் தொடர்ச்சியாக இராது; எக்ஸான் எனப்படும் பொருளுள்ள துண்டுகளுக்கு நடுவே இன்ட்ரான் எனப்படும் நீண்ட இடைத்துண்டுகள் குறுக்கிடும். தூது ஆர்என்ஏ தயாராகும்போது இன்ட்ரான்கள் வெட்டி எறியப்பட்டு எக்ஸான்கள் ஒட்டவைக்கப்படும். அன்றைய தொழில்நுட்பத்துக்கு 300 கோடி எழுத்தில் பெரும்பகுதி பொருள் விளங்காத வெளியாக இருந்தது, செலவும் மலைக்க வைத்தது. பிரென்னரின் யோசனை எளிமையானது: மனிதனைப் போலவே முதுகெலும்புள்ள, ஆனால் இந்த இடைவெளிகள் சுருங்கிய ஓர் உயிரைப் படிப்போம். பேத்தை மீன் வந்தது இப்படித்தான்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் பிரென்னரின் ஆலோசனை இருந்தது. ஃபுகு ஆய்வில் இக்கழகத்தின் குழுவை நடத்தியவர் இந்தியாவில் பிறந்த பைரப்பா வெங்கடேஷ். ஃபுகு கைக்கடக்கமான மாதிரி என்று 1993இல் பிரென்னர் குழுவினர் எழுதினார்கள். ஹண்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுவை 1995இல் ஒப்பிட்டபோது அது கண்கூடானது. மனிதனில் அந்த மரபணு 170,000 எழுத்துகளில் பரந்து கிடக்கிறது, ஃபுகுவில் 23,000. எக்ஸான்களோ இரண்டிலும் 67. பொருள் அதே, இடைத்துண்டுகள்தான் இளைத்திருந்தன.

அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து சிங்கப்பூர்க் குழு படித்த ஃபுகு மரபணுத்தொகுதி 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. மொத்தம் 36.5 கோடி எழுத்துகள். மனிதனுக்கு அடுத்தபடியாக வெளியிடப்பட்ட முதுகெலும்புள்ள உயிரின் மரபணுத்தொகுதி இதுவே. எலி அதற்குப் பிறகுதான். மனிதப் புரதங்களில் நான்கில் மூன்று பங்குக்கு ஃபுகுவில் இணை இருந்தது. அதற்கு முன் யாரும் அடையாளம் காணாத மனித மரபணுக்கள் ஏறத்தாழ 1,000 இருக்கக்கூடும் என்றும் மீனை வைத்துக் கணித்தார்கள். மீனின் மூதாதையரும் மனிதனின் மூதாதையரும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் மாறாமல் நின்ற எழுத்துகள் என்றால் அவை ஏதோ இன்றியமையாத வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம். இந்த அளவுகோலை வைத்துப் புரதத்துக்குச் சம்பந்தமே இல்லாத பகுதிகளிலும் தேடினார்கள். மனிதனிலும் ஃபுகுவிலும் பெருமளவு ஒத்திருந்த துண்டுகள் ஏறத்தாழ 1,400 இருப்பதாக 2005இல் பிரிட்டிஷ் குழுவொன்று தெரிவித்தது. அவற்றில் பல, கருவளர்ச்சியின்போது மரபணுக்களை எங்கே, எப்போது இயக்குவது என்று முடிவுசெய்பவை. புரதம் செய்யாத டிஎன்ஏ எல்லாம் ‘குப்பை’ என்று ஒரு காலத்தில் பெயர் வைத்தது எவ்வளவு அவசரம்!

எழுத்துகள் ஒத்திருப்பதால் மட்டும் வேலையும் ஒத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதைச் சோதிக்க, மரபணுவை ஓர் உயிரிலிருந்து எடுத்து இன்னோர் உயிரில் வைத்துப் பார்க்கிறார்கள். பிரசவத்தின்போதும் பால் சுரக்கும்போதும் வேலை செய்யும் ஆக்சிடோசின் ஹார்மோனுக்கு மீனில் இணையானது ஐசோடோசின். வெங்கடேஷ், பிரென்னர் உள்ளிட்டோர் ஃபுகுவின் ஐசோடோசின் மரபணுவை எலியின் கருவில் செலுத்தினார்கள். பிறந்த எலிகளின் மூளையில், ஆக்சிடோசினைச் சுரக்கும் அதே நரம்பணுக்களில் மீனின் மரபணு இயங்கியது. 1997இல் வெளிவந்த இந்த முடிவின் பொருள், மரபணுவை இயக்கும் ‘விசைகள்’கூட இத்தனை கோடி ஆண்டுகளில் பழையபடியே இருக்கின்றன என்பது.

மரபணு எங்கே இயங்குகிறது என்று கண்ணால் பார்க்க, ஜெல்லிமீன் ஒன்றின் பச்சை ஒளிர்புரதம் உதவுகிறது. ஆராய வேண்டிய மரபணுவின் விசையோடு ஒளிர்புரதத்தின் மரபணுவை இணைத்துவிட்டால், விசை இயங்கும் இடமெல்லாம் பச்சையாக மின்னும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் சியுவான் குழுவினர் 1999இல் இதை வரிக்குதிரை மீனில் வைத்து ஒளிரும் மீனை உருவாக்கினார்கள். தண்ணீரில் மாசு இருந்தால் நிறம் காட்டும் மீனைச் செய்வதே நோக்கம். ஆனால் அது அமெரிக்காவில் 2003இன் கடைசியில் கண்ணாடித்தொட்டி அலங்கார மீனாக விற்பனைக்கு வந்து, அதுவாகவே பிரபலமாகிவிட்டது.

பேத்தை மீன் தன் நஞ்சால் தானே ஏன் சாவதில்லை என்ற கேள்விக்கும் சிங்கப்பூரிலிருந்து விடை வந்தது. அந்த நஞ்சு, டெட்ரோடாக்சின், மீன் தானாகச் செய்வதல்ல. பாக்டீரியாவில் உருவாகி இரை வழியாக மீனில் சேர்வது. நரம்பிலும் தசையிலும் சோடியம் நுழையும் வாயிலைப் போய் அடைத்துக்கொள்ளும். வாயில் அடைபட்டால் மின்துடிப்பு நின்று, சுவாசத் தசைகள் செயலிழந்து, உண்டவர் இறக்க நேரிடும். வெங்கடேஷ் குழுவினர் 2005இல் காட்டியது: பேத்தை மீன்களின் தசையில் இருக்கும் வாயிற்புரதத்தில் நஞ்சு வந்து பிடிக்கும் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கிறது. நஞ்சுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை.

இன்று சிங்கப்பூரின் மரபணு ஆய்வில் பெரும்பகுதி ஒன்-நார்த் பகுதியிலுள்ள பயோபோலிஸ் வளாகத்தில் நடக்கிறது. அது 2003இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு சார்ஸ் தாக்கியபோது சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகம் நச்சுயிரியின் 14 மாதிரிகளின் முழு வரிசையையும் ஒப்பிட்டு, எழுத்து மாற்றங்களைக் கொண்டே தொற்று யாரிடமிருந்து பரவியது என்று தடம் பிடிக்கலாம் எனக் காட்டியது. 2012க்குப் பிறகு கிறிஸ்பர் என்ற கருவி வந்ததால், கண்மூடித்தனமாகக் கெடுக்காமல் வேண்டிய மரபணுவை மட்டும் குறிவைத்து வெட்டவும் முடிகிறது.

படிப்பதற்கான செலவு சரிந்ததால் ஒப்பீடு இப்போது மீனுக்கும் மனிதனுக்கும் இடையில் என்பதைத் தாண்டி, மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நடக்கிறது. உலகில் அதுவரை படிக்கப்பட்ட மரபணுத்தொகுதிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. சிங்கப்பூரர்களின் மரபணுத்தொகுதிகளைப் படிக்கும் எஸ்ஜி10கே திட்டத்தின் முதல் முடிவுகள் 2019இல் வெளிவந்தன: 2,780 சீனர், 903 மலாய்க்காரர், 1,127 இந்தியர் என 4,810 சிங்கப்பூரர்கள். அவர்களிடையே 9.83 கோடி எழுத்து வேறுபாடுகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அதற்கு முன் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை. திட்டம் பின்னர் 100,000 பேரைச் சேர்க்கும் எஸ்ஜி100கேயாக விரிந்தது.

தெற்காசியர்களைத் தனியே பார்க்க வேண்டியதன் அவசியத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்தின் தங்கராஜ் உள்ளிட்டோரின் 2009 ஆய்வு சொல்கிறது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன திரிபு, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் இருக்கிறது; உலகின் பிற பகுதிகளில் அநேகமாக இல்லை. நடுவயதுக்குப் பிறகு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. விடுபட்ட 25 எழுத்துகளும் எக்ஸானில் இல்லை, இன்ட்ரானில் இருக்கின்றன. அவை இல்லாததால் வெட்டி ஒட்டும் வேலை பிசகி, புரதத்தின் வால்பகுதி உளறலாகிறது.

மருந்தகம்வரை வந்துவிட்ட உதாரணம் கார்பமசபின். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் இந்த மருந்து, மிகச் சிலருக்குத் தோல் தீக்காயம்போல உரிந்து உயிரைப் பறிக்கும் எதிர்விளைவைத் தருகிறது. தைவானில் 2004இல் அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 பேரைப் பரிசோதித்ததில், 44 பேரிடமும் எச்எல்ஏ-பி மரபணுவின் 15:02 என்ற வகை இருந்தது; மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே. தென்கிழக்காசியச் சீனர், மலாய்க்காரரிடையே இந்த வகை பரவலானது. இந்தியர்களிடமும் குறைந்த அளவில் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வது வழக்கமான சிகிச்சைமுறையாகிவிட்டது. அதன் பிறகு இந்த எதிர்விளைவு பற்றிய புகார்கள் வெகுவாகக் குறைந்தன. பரம்பரைக் கொழுப்பு மிகைக்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டமும் 2025இல் தொடங்கியிருக்கிறது.

பரிசோதித்தால் காப்புறுதி கிடைக்காமல் போகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வருநோயை முன்னறியும் பரிசோதனை முடிவுகளைப் பயன்படுத்துவதற்கும் கடுமையான வரம்புகள் உள்ளன. பெருந்தொகைக் காப்புறுதிக்குச் சில விலக்குகள் இருப்பதால், பரிசோதனைக்கு முன் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் யாருக்காவது முதன்முறையாகக் கார்பமசபின் எழுதித் தரப்பட்டால், எச்எல்ஏ-பி பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.